நாக்கில் முதல் சொட்டு

— நான் அப்பவே சொன்னனே ப்ரியா, உன் நாத்தனார கிட்ட சேக்காதன்னு. வனஜாவாம் வனஜா. இப்ப பாரு, புள்ள வயிறு பானையாட்டம் ஊதிகினு கீது.

— அண்ணிதான் குடுத்தாங்கன்னு உனக்கு யாருக்கா சொன்னா?

— வேற எவ குடுப்பா? டாக்டர் இன்னா சொன்னாரு, காதுல விழுந்துச்சா இல்லியா?

— விழுந்துச்சு. கொறமாசக் கொழந்த, கொடல் இன்னும் பழக்கப்படல, குழாயில என் பாலத் தவிர எதுவும் போகக் கூடாதுன்னாரு. நாக்கு பிசுபிசுன்னு இருந்தத நர்ஸம்மா பாத்திருக்காங்க. யாரு என்னத்த வெச்சீங்க, மறைக்காம சொல்லுங்கன்னு கேக்கறாரு. இப்ப என் பாலயும் நிறுத்திட்டாங்கக்கா.

— தேனாதான் இருக்கும். ரோட்டுல வெல்லப்பாகக் காச்சி விக்கறான், அத தேனுன்னு வாங்கிக்கினு வருவா அந்த அறிவாளி. இல்லன்னா கழுதப்பாலு. மாங்காட்டுக் கும்பலுக்கு வேற இன்னா தெரியும்?

— மத்தியானம் வந்து, சேனை வெக்கட்டுமான்னுதான் கேட்டாங்க. நர்ஸம்மா கூடாதுன்னதும் கண்ணாடிக்கு வெளியவே நின்னு அழுதுட்டுப் போயிட்டாங்க.

— நடிப்பு. த பாரு, எவ சக்கரத் தண்ணியத் தொட்டு நாக்குல வெக்கறாளோ அவ கொணந்தான் புள்ளைக்கு வரும். இவ கொணம் வந்தா வெளங்குமா? ஒரு டம்ளர் மோருக்கு அரைக் கொடம் தண்ணி ஊத்தறவ. உன் கல்யாணத்துல பொடவையத் தொட்டுப் பாத்துட்டு மூஞ்ச சுளிச்சாளே, மறந்துட்டியா?

— யாரு கொணமோ வரட்டும். எம் பொண்ணு பொழச்சாப் போதும். டாக்டர் திரும்ப வராரு, நான் இன்னான்னு சொல்றது?

— உன் நாத்தனாதான்னு தைரியமா சொல்லு. நான் சாட்சி.

— நீ கண்ணால பாத்தியா?

— பாக்கணுமா இன்னா? அவ பண்ணுவா. ஆனா அவ கொணம் ஒட்டிக்கும்னு மட்டும் பயப்படாத. மொத சொட்டு யாருதோ அதுதான் நிக்கும். காலைல நீ தூங்கினு கீறப்ப உன் பாலக் குடுக்க உள்ள போனேன்ல, அப்பவே சோப்பு போட்டுக் கையக் கழுவிகினு, நம்ம ஊட்டு சக்கரத் தண்ணிய நானே வெச்சிட்டேன்.