ஒரு சொம்பு நீராகாரம்

நன்னிலத்தில் நான் ஏறிய தஞ்சாவூர் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் செல்வி என்ற பெண்ணும் அவர் ஊர் மகளிர் குழுத் தலைவியும் இருந்தார்கள். செல்வியின் கணவர் உடன் இல்லை. அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

“நீராகாரமும் சாப்பாட்டுல சேரும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றார் செல்வி.

“வெறும் வயித்தோட வரணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேடி. இன்சூரன்ஸ்ல சேர்ந்தவங்களுக்குக் காசு வாங்காம ரத்தம் பாக்குறாங்கன்னுதானே உங்களையெல்லாம் சேத்துவிட்டேன்.”

“அவருக்கு இட்லிகூட குடுக்கலக்கா. ஒரு சொம்பு நீராகாரம்தான். அந்த நர்ஸம்மா, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க.”

“மறுநாள் போகவேண்டியதுதானே?”

“மறுநாள் நாத்துப் பறி. ‘கல்லு மாதிரி இருக்கேன், எனக்கென்ன கேடு’ன்னு வயலுக்குப் போயிட்டாரு. அப்பவே சக்கரை இருந்திருக்கு. பின்னால கால்ல முள்ளு ஏறி சீழ் வச்சதுகூட அவருக்கு உறைக்கலை.”

தலைவி வெளியே வயலைப் பார்த்தபடி கேட்டார்.

“காலை எதுவரைக்கும் எடுக்குறாங்களாம்?”

“முட்டிக்குக் கீழ. இன்னைக்கு மத்தியானம்.”

கோரையாறு தாண்டியதும் தலைவி செல்வியின் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு நாத்துப் பறிக்கு என்ன கூலிடி குடுத்தாங்க?”

“அறுநூறு ரூபாய்க்கா.”