பவுல் நம்பர்

தனராஜ்: ஏளா சுஜிதா, ஆபீஸ் போன இங்கன வை. உள்ள இருக்கதப் பூரா அழிக்கணும்.

சுஜிதா: மாட்டேண்ணே.

தனராஜ்: வெளையாடாத. வைரஸ் புகுந்து, கண்டெய்னர வெளிய விட கேட்ல கேக்குத ஓடிபி பூராத்தையும் எவனோ படிச்சிருக்கான். முந்திரிக்கொட்டை கண்டெய்னர வேற லாரிக்காரன் ஏத்திக்கிட்டுப் போயிட்டான். ஹார்பர் பூரா நம்ம ஆபீஸ் பேருதான் நாறுது.

சுஜிதா: தெரியும்ண்ணே...

தனராஜ்: தெரிஞ்சுமா நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்க?

சுஜிதா: அழிச்சா எல்லாம் போயிரும்லா?

தனராஜ்: போகத்தான அழிக்கோம்!

சுஜிதா: ஒரு மெசேஜ் இருக்கு... அது மட்டும்...

தனராஜ்: ஆபீஸ் போன்ல உனக்கென்ன மெசேஜ்?

சுஜிதா: ரெண்டாவது சிம் என்னோடதுண்ணே.

தனராஜ்: சொந்த சிம் போடக்கூடாதுன்னு செவுத்துல ஒட்டியிருக்கே! கண்ணு தெரியாதா?

சுஜிதா: வேலை நேரத்துல எங்க போனப் பெட்டில போட்டுப் பூட்டிருதீய. அந்நேரம் பாத்து அவிய கூப்பிட்டா?

தனராஜ்: எவிய?

சுஜிதா: எங்க வீட்டு ஆளு. பவுலு.

தனராஜ்: ஏளா... மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டு அவன் போன தோணி முங்கி மாசக்கணக்காச்சு, மாதா கோயில் திருவிழாவே முடிஞ்சு போச்சு.

சுஜிதா: ஒடம்பு கெடைக்கலைல்லா? அதான் அவிய நம்பரு கட்டாயிரக்கூடாதுன்னு மாசாமாசம் ரீசார்ஜ் போட்டேன். முந்தாநாள் அவிய நம்பர்ல இருந்து மெசேஜ் வந்துச்சுண்ணே! கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைலு.

தனராஜ்: தொறந்தியா?

சுஜிதா: தொறக்காம? கட்டுன புருசன் நம்பருண்ணே!

தனராஜ்: அதுதாம்ளா வைரஸு! ஒரு போன்ல புகுந்தா, அந்த நம்பர்ல இருந்தே தெரிஞ்ச ஆளுக்கெல்லாம் தானாப் போவும்.

சுஜிதா: அப்பம் அவிய போனு நல்லாத்தான இருக்கு? உடனே அடிச்சேன். ரிங் போச்சுண்ணே... முழுசாப் போச்சு. கடலுக்குள்ள கெடந்தா ரிங் போவுமா?

தனராஜ்: சுஜிதா...

சுஜிதா: மாலத்தீவுப் பக்கம் யாராவது காப்பாத்திருப்பாங்க. போலீசுகிட்ட இதக் குடுத்தா அந்தப் போன் எங்க இருக்குன்னு சொல்லிருவாங்கல்லா? என் வேலை போனாப் போவுது.

தனராஜ்: போலீசு வேண்டாம்.

சுஜிதா: ஏண்ணே?

தனராஜ்: வேண்டாம்னா விடேன்! அழிச்சிருவோம். நான்தான் தொறந்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிக்கிடுதேன்.

சுஜிதா: நீங்க ஏன் சொல்லணும்?... என்னண்ணே, கண்ணு கலங்குது?

தனராஜ்: கல்லறைத் திருநாள் பூசைக்கு அவன் படம் ஒண்ணு கேட்டேன். தரமாட்டேன்னுட்ட.

சுஜிதா: உசுரோட இருக்கவிய படத்துக்கு மாலை போடவா?

தனராஜ்: அதான்... அவன் போன்ல படம் இருக்கும்னு...

சுஜிதா: அவிய போன்லயா?

தனராஜ்: டிஸ்ப்ளே ஒடைஞ்சிருக்கு, மாத்தி வைங்கன்னு தோணி ஏறுத அன்னைக்கு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனான். சிம்மோட. மாத்தி வச்சேன். ஒங்கிட்டக் குடுக்கத்தான் தைரியம் வரல. முந்தாநாள்தான் ஆன் பண்ணுனேன். பத்திரிகைன்னு வந்து கெடந்துச்சு... நானும் தொறந்துட்டேன்.

சுஜிதா: இல்ல... இல்லண்ணே... ரிங் போச்சே...

தனராஜ்: என் கையிலதாம்மா அடிச்சுது. உம்பேரு வந்துச்சு... நான் என்னன்னு சொல்லி எடுப்பேன்?