நீலக் கோடும் வெள்ளைச் சுண்ணாம்பும்

...சரி, சரி, கோவப்படாதீங்க. நாளைக்கு வானிலை ஆபீஸ்காரங்க நம்ம ஊருக்கு வந்து வீட்டுக்கு வீடு கோடு போடப் போறாங்க. அதை விடவே கூடாதுன்னு பேசத்தான் என்னை மேடை ஏத்தியிருக்கீங்க. பேசுறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை... கையில இருக்க டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். கேக்குறீங்களா?

நம்மள மாதிரியே ஒரு கடக்கரை ஊரு. அங்க கலியமூர்த்தின்னு ஒருத்தர். சொந்தமா ஒரு போட்டு, ஒரு வீடு, ஒரே பொண்ணு மாலதி. ஒருநாள் வானிலை ஆபீஸ்லேருந்து படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரு பெயிண்டு டப்பாவோட வந்தாங்க. கூடத்துச் சுவத்துல, இடுப்பு உயரத்துல, நீலமா ஒரு கோடு இழுத்தாங்க.

"ஐயா, கடல் மட்டம் ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு ஒரு பெரிய புயல் அடிச்சா, தண்ணி உங்க வீட்டுல இது வரைக்கும் நிக்கும்."

மரியாதையாத்தான் சொன்னாங்க. ஆனா கலியமூர்த்திக்கு வந்ததே கோவம்! ஏன் வராது? வர்ற வெள்ளிக்கிழமை மாலதிக்கு நிச்சயம். வீடு பொண்ணுக்குத்தான்னு சொல்லித்தான் சம்பந்தமே பேசியிருக்கு. மூழ்கப்போற வீட்டை எவன் வாங்கிப்பான்? அந்தப் புள்ளைங்க தெருமுனை தாண்டல... மனுஷன் கோட்டைச் சுரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சாரு. கோடு போச்சு. நிம்மதியாப் படுத்தாரு.

விடிஞ்சு பாத்தா... அதே உயரத்துல ஒரு கோடு.

நீலம் இல்ல. ஈரம்.

மறுபடி அடிச்சாரு. மறுநாளும் வந்துச்சு. மூணாவது தடவை அடிச்சப்ப, பொண்டாட்டி அஞ்சம்மா சுவத்துல கையை வச்சுப் பாத்துச்சு. வெளியில வெயில் கொளுத்துது. மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. சுவரு மட்டும் சில்லுன்னு இருக்கு.

"ஏங்க... இது மேலேருந்து ஒழுகலைங்க. கீழேருந்து ஏறுது. கெணத்துத் தண்ணி உப்பாச்சே, அதேதான்..."

"வாயை மூடு! வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடு!"

வெள்ளிக்கிழமை வந்துச்சு. வீட்டாளுங்க உக்காந்து ஈரத்தை மறைச்சுக்கலாம்னு, சுவத்தை ஒட்டி ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா பவுனம்மா, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்து அந்த பெஞ்சுலயே உக்காந்தாங்க. பேசுறாங்க... சிரிக்கிறாங்க... அப்படியே பின்னால சாஞ்சாங்க.

கலியமூர்த்தி பாதி எந்திரிச்சுட்டாரு.

அன்னைக்குப் பாத்து காத்து சுத்தமா இல்ல. கடலை ஒட்டுன வீடு, ஆனா அலைச் சத்தமே கேக்கல. பவுனம்மா பேச்சை நிறுத்துறாங்க. முதுகுப் பக்கம் கையைக் கொண்டு போறாங்க... மெதுவாத் திரும்பி சுவத்தைத் தொடுறாங்க... அந்த விரலை நாக்குல வைக்கிறாங்க.

உப்பு!

எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நெனச்சாரு. போகல. கத்துவாங்கன்னு நெனச்சாரு. கத்தல. அஞ்சம்மாவைப் பாத்து, குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"சம்பந்தி... எத்தனை கோட்டிங் அடிச்சீங்க?"

"மூ... மூணுங்க."

"நாங்க அஞ்சு."

புரியுதா? அவங்க ஊர்லயும் கோடு போட்டிருக்காங்க. அவங்களும் பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு அடிச்சு அடிச்சு மறைச்சிருக்காங்க!  ரெண்டு பக்கமும் தாம்பூலத் தட்டை மாத்த யாரும் எடுக்கல. அப்பத்தான் மாலதி உள்ளேருந்து வந்து கேட்டா.

"அப்பா... அங்கயும் தண்ணி, இங்கயும் தண்ணின்னா, நாங்க எங்கப்பா குடியிருக்கிறது?"

...சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க. இந்தா, மைக்கை நீட்டுறேன். தலைவரே, நீங்க?... முன்வரிசையில சத்தம் போட்ட தம்பி, நீ?... யாருமே இல்லையா?

எனக்கும் தெரியலைங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு தெரியும். கோடு போட்டவன் கடலைக் கூட்டிட்டு வரல. அது வந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லி, நமக்கு டயம் குடுத்துட்டுப் போறான். அந்த டயத்தை சுண்ணாம்பு அடிச்சே தீத்துடலாம். இல்ல, பக்கத்து வீட்டுல போயி "என் சுவரும் ஈரமா இருக்குங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லி, என்ன பண்ணலாம், எங்க போகலாம்னு ஒண்ணா உக்காந்து பேசலாம்.

அதனால நாளைக்கு அவங்க வந்தா கதவைத் திறந்து விடுங்க. விரட்டாதீங்க. ஏன்னா... இப்ப கூட்டத்துக்கு நடந்து வரும்போது பாத்தேன். பொங்கல் முடிஞ்சு நாலு மாசமாச்சு. நம்ம தெருவுல அஞ்சாறு வீட்டுலேருந்து புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்குது. யார் யார் வீடுன்னு நான் சொல்லப்போறதில்ல.

இந்த ஊர்ல இன்னும் யாருமே கோடு போடலையே...

எதை மறைக்க அடிச்சீங்க?