பெரியக்கா இறங்காத வாசல்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, பெரியக்கா பெற்ற செல்வங்களே, கடல் கடந்து போய் மிஷன் ஆஸ்பத்திரியில் என்னோடு சேர்ந்து உழைத்துத் தேய்ந்த தோழர்களே, தோழியர்களே! மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டு கிடந்தவனை மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். என்னால் நிற்கத்தான் முடியவில்லை.

சற்று முன் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். யாருக்கு? நம் தலைமைச் செவிலியர் பெரியக்காவுக்கா? அவர் ஒரு நிமிடம் வாயை மூடி நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? ஜெனரேட்டர் நின்றுபோனால், "உனக்கு என்னடா கேடு? எந்திரி!" என்று அதையே ஓர் உதை விடுவாரே! அதுவும் பயந்துபோய் ஓடுமே! அந்தக் குரலா அடங்கிவிட்டது?

அங்கே கலவரம் மூண்டு, ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வந்தோம். வந்தவர்கள் ஆளுக்கொரு மூலையாகப் போனோம். ஓய்வு பெற்ற அக்காவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. "உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு. எல்லாரையும் ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடலாம், கிளம்புங்கடா" என்றார். சக்கரம் என்று நாம் கூப்பிடும் நம் பழைய ஓட்டுநர் வேனை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன். அங்கே எக்ஸ்ரே பிரிவைப் பார்த்துக்கொண்டவர் வீட்டில் டீ கையில் வருவதற்குள், "சரி, அடுத்த வீடு" என்று அக்கா எழுந்துவிட்டார். இருமல் மருந்தைக் கூட நிதானமாகக் குடிக்காத பிறவி!

ஏன் இந்தப் பறப்பு? காரணம் எங்களுக்குத் தெரியும். சின்னக்கா!

சின்னக்கா அங்கே பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்டவர். உடன்பிறந்தவர் அல்லர், ஆனால் பெரியக்காவுக்கு உயிர். எல்லோரும் வெளியேற வேண்டிய அன்று, "என் வார்டை விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்று அவர் அடம்பிடித்தார். பெரியக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்து முதல் வண்டியில் தள்ளிக் கதவைச் சாத்தினார். "இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்!" என்றார் சின்னக்கா. அன்றோடு பேச்சு அற்றது. பெரியக்காவோ அங்கேயே தங்கி, அந்த வார்டில் இருந்த தாய்மார் எல்லோரையும் பத்திரமான இடத்தில் சேர்த்த பிறகுதான் கிளம்பினார். இதைச் சின்னக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பதே அவர் தவிப்பு. எங்களையும் வாய் திறக்க விடவில்லை. "போன்ல சொல்ற விஷயமாடா இது?" என்றார்.

நம் மிஷனில் ஒரு சட்டம் இருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்போம், இறங்க மாட்டோம். வீட்டார் வெளியே வந்தால் உள்ளே போவோம். வராவிட்டால் "இப்போது வேண்டாம்" என்று பொருள், கேள்வி கேட்காமல் திரும்பிவிடுவோம். துப்பாக்கிகள் நடமாடிய ஊரில் பல உயிரைக் காத்த சட்டம் அது.

சின்னக்கா வீட்டு வாசலிலும் சக்கரம் ஹாரன் அடித்தான். ஜன்னல் வழியே விளக்கு தெரிந்தது. ஆள் நடமாடியதும் தெரிந்தது. யாரும் வரவில்லை.

"நான் இறங்கித் தட்டட்டுமாக்கா?" என்றான் சக்கரம்.

"வேணாம். அவளுக்கு இன்னும் மனசு ஆறலை. வண்டியை எடு."

வழியெல்லாம் பெரியக்கா பேசவில்லை. திட்டுங்கள் அக்கா, யாரையாவது திட்டுங்கள் என்று கெஞ்சினேன். அந்த மாதமே அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

சாவுச் செய்தி சொல்ல மறுபடியும் அங்கே போனோம். பழக்கதோஷம், மறுபடியும் ஹாரன்! மறுபடியும் யாரும் வரவில்லை. சக்கரத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இறங்கிப் போய்க் கதவை இடித்தான். சின்னக்காவின் மருமகள் திறந்தார். "அத்தைக்கு இப்போ காது சுத்தமா கேக்காதுங்க. போன தடவை வந்தீங்களா? நான் கடைக்குப் போயிருந்திருப்பேன். இப்போ ஹாரன் கேட்டுச்சு, ரோட்டுல போற வண்டின்னு நெனச்சுட்டேன்" என்றார்.

தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா? சொல்லுங்கள்!

பின்னாலேயே வந்த சின்னக்கா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "எங்கடா பெரியக்கா? வண்டியிலேயே உக்காந்திருக்காங்களா?" என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வேன் கதவைத் திறந்தார். காலியான இருக்கையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பு பெரியக்காவோடு வந்து திரும்பிப்போனதை மட்டும் மருமகள் எழுதிக் காட்டினார்.

"என் வார்டுல எல்லாரும் தப்பிச்சாங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா. அங்கேருந்து வந்த நர்ஸ் ஒருத்தி சொல்லிட்டா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அக்கா முன்னால போய் நிக்கறதுன்னு வெக்கப்பட்டே இருந்துட்டேன். இவ்வளவு தூரம் வந்தவங்க இறங்கி வந்து ஜன்னல்ல ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா? காதுல விழலைன்னாலும் கண்ணுல பட்டிருப்பீங்களே!" என்று அழுதார்.

அந்தச் சின்னக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார். நான் பேசுவதை மருமகள் போனில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா! இரங்கல் தீர்மானம் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கா பார்க்காமல் விட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தக் கூட்டம் கலைந்ததும் சக்கரமும் நானும் கிளம்புகிறோம், சின்னக்காவும் வருகிறார். அந்தச் சட்டத்தை இன்றோடு நாங்கள் ரத்து செய்கிறோம். இறங்குவோம்! தட்டுவோம்! திறக்காவிட்டால் பின்வாசலுக்குப் போய்த் தட்டுவோம்! கதவைத் திறந்து எங்களைத் திட்டுங்கள், துரத்துங்கள், அதை நாங்கள் தாங்கிக்கொள்வோம். வேண்டாம் என்கிறார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு இனி எந்த வாசலிலிருந்தும் திரும்ப மாட்டோம், பெரியக்கா!