காங்கோவின் கடைசிப் பத்து டர்ன்

காலை ஆட்டிக்கொண்டே பேசுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், மேடம். பயத்தினால் இல்லை. லிவிங்ஸ்டனில் அக்டோபர் மாதம் ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவனை நான் பார்த்ததில்லை. உங்கள் மின்விசிறியும் நின்றுபோயிருக்கிறது. போகட்டும். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் முன்சாகா. இதே ஊர் மரம்பா பகுதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு என்னைத் தெரிவது கடையால் அல்ல, பட்டியலால். கம்ப்யூட்டரில் ராஜ்ஜியம் கட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. எகிப்து, மாலி, மங்கோலியா, காங்கோ என்று எட்டு ராஜ்ஜியங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு குடிசையில் தொடங்கி, நகரம், படை, பள்ளிக்கூடம் என்று வளர்த்துக்கொண்டே போக வேண்டும். நாம் ஒரு முறை, எதிராளிகள் ஒரு முறை. அந்த முறைக்கு டர்ன் என்று பெயர். முந்நூறு டர்னில் ஆட்டம் முடியும். எந்த ராஜ்ஜியம் உசத்தி, எது மட்டம் என்று ஆறு வருடமாக ஒப்பிட்டு எழுதி வருகிறேன். மாலிக்கு முதலிடம், காங்கோவுக்கு எட்டாமிடம். நைரோபியிலிருந்து அக்ரா வரை ஆடுகிறவர்கள் என் பட்டியலைக் காட்டித்தான் சண்டை போடுவார்கள்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த முபீட்டா ஒருநாள் கடையில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டே கேட்டான். "காங்கோ கடைசி, காங்கோ கடைசின்னு ஊருக்கெல்லாம் சொல்றியே மாட்டுக்காரா, நீ அதை ஒரு தடவையாவது முழுசா ஆடியிருக்கியா?"

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆடியதில்லை. பார்த்தாலே தெரிகிற விஷயத்தை ஆடி வேறு பார்க்க வேண்டுமா?

"மீன் நாத்தத்துல இருக்கிறவனுக்கு ராஜ்ஜியத்தைப் பத்தி என்னடா தெரியும்?" என்றேன். சிரித்தான். நான் மாடு வளர்க்கிற டோங்கா, அவன் மீன் பிடிக்கிற லோசி. எங்கள் இரண்டு சனத்துக்கும் மாமன் மச்சான் மாதிரி கேலி முறை உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். சாவு வீட்டில் பிணத்தையே கிண்டல் செய்யலாம். கோபித்துக்கொள்கிறவன்தான் தப்பு செய்தவன்.

ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதி ந்ஷிமாக் களியிலேயே எழுந்துவிடுவேன். கடைசியில் ஒரு சோதனை வைத்தேன். ஒரே வரைபடம், ஒரே ஆள், எட்டு சனிக்கிழமை, எட்டு ராஜ்ஜியம். உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை எழுந்து போகக் கூடாது. நடுவில் நிறுத்தி வைத்து மறுநாள் தொடரவும் கூடாது, ராத்திரி யோசிக்கக் கிடைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஆடுகிறவன் முபீட்டா. எங்கள் ஊரில் அவனை மிஞ்சிய கை கிடையாது, இதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அவன் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே ரத்தக் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எலும்பெல்லாம் வலி எடுக்கும், நெஞ்சில் ஏறினால் ஆள் பிழைப்பதே கஷ்டம். அதனால் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று எப்போதும் அவன் கையோடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தவன் நான்தான். அவன் அக்கா இனோங்கே என்னை நம்பித்தான் அவனை வெளியே அனுப்புவாள்.

ஏழு ராஜ்ஜியமும் என் பட்டியல் சொன்னபடியே வந்தன. எட்டாவது சனிக்கிழமை காங்கோ. காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது, இரண்டு மணிக்குப் போய்விடும். கடைக் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தோம். நூறாவது டர்னில் காங்கோ ஐந்தாம் இடம். நூற்று எண்பதில் இரண்டாம் இடம்.

அப்போதுதான் இந்தக் கால் ஆட ஆரம்பித்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஸ்க்ரூக்களைப் பிரித்து வைத்தேன், திரும்பக் கலந்தேன். முபீட்டா ஏதோ பாட்டை முனகிக்கொண்டு ஆடினான். சனியன், அந்த முனகலை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அவன் திரையிலேயே கண்ணாக இருந்தபோது பாட்டிலை எடுத்துப் போய்ப் பின்னறையில் பேட்டரிக்குப் பின்னால் வைத்தேன். காரணம் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு எழுந்து போவான், ஆட்டத்தின் ஓட்டம் அறுந்துபோகும். மற்ற ஏழு ஆட்டத்திலும் பாட்டில் பக்கத்திலேயே இருந்ததே என்று கேட்பீர்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"மச்சான், என் தண்ணி எங்கடா?"

"தீர்ந்துபோச்சு. குழாய்லயும் காத்துதான் வருது. வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன், நீ ஆடு."

வாங்கி வர நான் யாரிடமும் சொல்லவில்லை.

இருநூற்றுத் தொண்ணூறாவது டர்னில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மணி பன்னிரண்டு நாற்பது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"முதுகு பிடிச்சிருச்சுடா. காலை ஊன முடியல. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வை, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து முடிக்கிறேன். டாக்ஸியக் கூப்பிடு."

"நிறுத்தினா காங்கோ கணக்குல வராது. அப்புறம் நீதான் அழுவ. பத்தே டர்ன் மச்சான். அதுக்குள்ள டாக்ஸியும் வந்துரும்."

"பத்துதானே?"

"பத்தே பத்து."

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பத்து டர்ன் என்பது இரண்டு நிமிஷ வேலை. ஒரு குடிசை, ஒரு வீரன், அவ்வளவுதான். முடிவில் ஒவ்வொரு ராஜ்ஜியத்துக்கும் முப்பது நகரம், நூறு படை. எல்லாம் நகர்ந்து முடிய என் பழைய மெஷினில் ஒரு டர்னுக்கு ஏழு நிமிஷம் ஆகும். ஆடுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் ஏமாறுவார்கள். இன்னும் பத்து டர்ன் என்று சொல்லி அடுப்பில் சோறு கருகவிட்டவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர். முபீட்டாவும் அப்படித்தான் ஏமாந்தான். நான் ஏமாறவில்லை. எழுபது நிமிஷம் என்று எனக்குத் தெரியும்.

அவன் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. நான் என் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் காதில் வைத்துப் பேசினேன். சீக்கிரம் வாப்பா, ஆள் முடியாமல் இருக்கிறான் என்றுகூடச் சொன்னேன். மறுமுனையில் யாரும் இல்லை. உள்ளே வந்து, "மார்க்கெட்டைத் தாண்டிட்டானாம்" என்றேன்.

வலியில் அவன் தப்பாக ஆடட்டும் என்று காத்திருந்தேன் என்று எழுதினால் அது அதிகப்படி, மேடம். கவனித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுங்கள். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. மூச்சு இரைத்தது, ஆனாலும் ஒவ்வொரு படையையும் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"முன்சாகா, இன்னும் எத்தனை?" என்று கேட்டான். மச்சான் என்று சொல்லவில்லை.

"மூணுதான்."

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் அவன் தலை மேஜைமேல் சாய்ந்துவிட்டது. கடைசி டர்னை நான்தான் அழுத்தினேன். ஏழு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். காங்கோ முதலிடம் என்று திரையில் வந்தது. அதன் பிறகு டாக்ஸியைக் கூப்பிட்டேன். நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? முறைக்காரன் நான். பெட்டியின் மேல் தட்டி எல்லார் முன்னாலும் சொன்னேன். "இந்த மீன்காரன் தண்ணி கேட்டான், நான் பாட்டிலை ஒளிச்சு வச்சேன். டாக்ஸி கேட்டான், சும்மா காத்தோட பேசினேன். அதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டுப் படுத்துட்டான் பாருங்க."

வீடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் போர்த்தியிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் தாய்மாமன் என் தோளில் தட்டி, "உன் நாக்குல தீயை வைக்க, டோங்காப் பயலே" என்றார். மனசு லேசாகிவிட்டது. ஊர் கூடிய இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், ஒருவரும் தப்பென்று சொல்லவில்லை.

இனோங்கே மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய் ஒவ்வொரு சாமானாகத் தள்ளிப் பார்த்து, கடைசியில் பேட்டரியை நகர்த்தினாள். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மூடியில் அவன் பெயர் எழுதியிருப்பது அவள் கையெழுத்துதான். உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அதுதான்.

ஆக, தண்ணீரை ஒளித்தது நான். டாக்ஸியைக் கூப்பிடாதது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

பட்டியலை மட்டும் நான் மாற்றவில்லை. காங்கோ இன்னும் எட்டாமிடத்தில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டுவது நியாயம் இல்லை. இன்னொரு தடவை ஆடிப் பார்க்க வேண்டும், அதே வரைபடம், அதே விதி. உங்கள் ஸ்டேஷனில் யாருக்காவது ஆடத் தெரியுமா, மேடம்? தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் ஆட்டம் போகிற போக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.