வெறும் எழுத்தில் வந்த பதில்

கணினித் திரையில் வருவதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, சார். நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் விழிஞ்ஞத்து மீனவர் சங்கத்துக்கு இரண்டாயிரத்து ஆறில் நான் செய்துகொடுத்த இணையப் பக்கத்தில் இரண்டே நிறங்கள் வைத்தேன். சிவப்பென்றால் கடலுக்குப் போகக் கூடாது. பச்சையென்றால் போகலாம்.

கடல் நிலவரம் நகரத்திலுள்ள ஒரு தனியார் சர்வரிலிருந்து வரும். படமோ அட்டவணையோ கிடையாது. ஒரே ஒரு வரி, வெறும் எழுத்து. அந்த வரியைப் பார்த்து எந்த நிறம் காட்டுவதென்று முடிவு செய்வது என் பக்கத்தின் வேலை. நிறத்தைப் பார்த்து மைக்கில் சொல்வது சங்க அலுவலகத்தில் இருந்த லிபியின் வேலை. படகுக்காரர்கள் திரையை நம்பவில்லை. லிபியின் குரலை நம்பினார்கள்.

லிபியும் நானும் பாறசாலைக்காரர்கள். பி.டெக்கைப் பாதியில் விட்டுவிட்டு நான் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தபோது பக்கத்து இருக்கையில் இருந்தவள். சங்க வேலையை அவளுக்கு வாங்கிக்கொடுத்தது நான்தான். பிறகு என் விருப்பத்தைச் சொன்னேன். "ஒங்கள அண்ணன்னுதானே விளிச்சேன்" என்றாள். அடுத்த வருஷம் பிரஜினைக் கட்டிக்கொண்டாள். குளச்சலிலிருந்து விழிஞ்ஞத்துக்குத் தொழிலுக்கு வந்தவன். நல்லவன். அவனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஒருநாள் சர்வர் பழுதாகி, தன் பழுதையே ஒரு வரியாக எழுதி அனுப்பியது. தனக்குப் புரியாத எந்த எழுத்தையும் என் பக்கம் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும். சிவப்பு காட்டியது. ஒரு படகும் போகவில்லை. கடலோ குளம் மாதிரிக் கிடந்தது. மறுநாள் நான் சங்கத்துக்குப் போனபோது பிரஜின் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"யோசுவாண்ணே, ஒங்க கம்ப்யூட்டருக்குச் செங்கண்ணு வந்திருக்கா? சும்மா செவந்து கெடக்கே. கொஞ்சம் மொலப்பாலு ஊத்திப் பாருங்க."

கண்வலிக்கு முலைப்பால் ஊற்றுவது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். எல்லாரும் சிரித்தார்கள். லிபியும் சிரித்தாள்.

சங்கம் கேட்டுக்கொண்டபடி அன்றே மாற்றினேன். எச்சரிக்கை என்ற சொல்லில் தொடங்கும் வரிக்கு மட்டும் சிவப்பு. மற்ற எதற்கும் பச்சை. கொஞ்ச நாள் கழித்து சர்வர்காரர்கள் எனக்கு மெயில் அனுப்பினார்கள். இனி வரியின் தொடக்கத்தில் தேதி இருக்கும், எச்சரிக்கை அதற்குப் பின்னால்தான் வரும் என்று. அப்படி வந்தால் என் பக்கத்துக்கு எச்சரிக்கை கண்ணில் படாது. சரிசெய்ய ஒரு சாயா குடிக்கும் நேரம் போதும். செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் எழுதிக்கொடுத்தேன். மறக்கவில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லிபி கூப்பிட்டாள்.

"அண்ணே, தெக்க கறுத்துக் கெடக்கு. பேஜில பச்சதான் காட்டுது. நீங்க ஒண்ணு நோக்குங்களேன். அவரு கடலுக்குப் போக எறங்கி நிக்காரு."

சர்வர் அனுப்பிய வரியை அப்படியே திறந்து பார்த்தேன். தேதி, அதற்குப் பின் எச்சரிக்கை, அதற்குப் பின் காற்றின் வேகம். நிதானமாகப் படித்தேன்.

"பச்சைன்னா பச்சைதான் லிபி. போகச் சொல்லு."

"ஒறப்பா அண்ணே?"

"ஒறப்பு."

போனை வைப்பதற்குள் அவள் மைக்கில் சொல்வது எனக்கே கேட்டது.

பெரும்பாலான படகுகள் காற்று மாறியதும் திரும்பிவிட்டன. பிரஜின் தூரத்தில் வலை போட்டிருந்தான். அவன் படகில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது லிபி மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "திரும்பி வாருங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். கேக்குதா? நான் தப்பாச் சொல்லிட்டேன், திரும்பி வாருங்க." அந்த ஒலிபெருக்கி துறைமுகத்துச் சுவரைத் தாண்டாது. அது அவளுக்கும் தெரியும். யாரும் மைக்கை வாங்கவில்லை. கரண்ட் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படகு திரும்பவில்லை. பிரஜினின் உடலும் கிடைக்கவில்லை. "எனக்க வாயாலதானே அண்ணே போனாரு" என்று லிபி கேட்டாள். நான் அவள் தலையில் கைவைத்து, "தப்பு யாருக்கும் வரும் லிபி" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்குப் போகிறேன். ரொட்டியும் பழமும் வாங்கிப் போவேன். அவளுடைய மாமியார் அவளிடம் முகம் கொடுப்பதில்லை. செத்துப்போன மற்றவர்களின் வீட்டார் அவள் நடந்து வந்தால் கதவைச் சாத்துகிறார்கள். நான் மட்டும்தான் பக்கத்தில் உட்காருகிறேன். அவள் என்னைப் போகச் சொல்லமாட்டாள்.

அந்த வரியை நான் திறந்த நேரம் சர்வரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டினீர்கள். மறுக்கவில்லை. படித்துவிட்டுத்தான் சொன்னேன். அவன் திரும்பி வரக்கூடாது என்றுதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சார். லிபியிடம் இதைச் சொல்ல வேண்டாம். இருக்கிற நிலையில் தாங்கமாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு இப்போது வேறு யாரும் இல்லை.