சரீர உத்தரவு

ஓடுகிறேன். முன்னால் கரும்புக் கொல்லை. பின்னால் எங்கள் காலனி எரிகிறது. கூரை மூங்கில் வெடிக்கிறது. பட். பட். பட். அதற்கும் அப்பால் கோடாரிச் சத்தம். உளுந்தூர்பேட்டை சாலையில் ஊர்த் தெரு ஆண்கள் புளியமரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். 1987. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். பகல் பதினோரு மணி இருக்கும். அவர்கள் சண்டை சர்க்காரோடு. எங்கள் வீடுகளை ஏன் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ஓடு புள்ள, நிக்காத! மாட்ட அவுத்துட்டு வரேன்."

என் வீட்டுக்காரர் அந்தோணி அப்படிக் கத்திவிட்டுத் திரும்பினார். மாடு வந்தது. அவர் வரவில்லை.

காலனிச் சனமும், இடுப்பில் மகனோடு நானும் இரண்டு நாள் கரும்புக்குள் கிடந்தோம். நான் அழவில்லை. பசித்தது. கரும்பை ஒடித்துத் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல்.

மூன்றாம் நாள் திரும்பிப் போனால், மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் அவர் கிடந்தார். முகம் தப்பியிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சாம்பலைக் கிளறினேன். கிடைக்கவில்லை.

அவருடைய அண்ணன் பயந்துபோயிருந்தார். பாதி எரிந்தாயிற்று, மீதியையும் இங்கேயே எரித்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கடைசி நாளில் எழுந்திருக்க உடம்பை மண்ணில் வைப்போம். எரித்துவிட்டால் எதை வைத்து எழுந்திருப்பார்?

கல்லறை ஊருக்கு மேற்கே. எங்கள் பிணம் ஊரைச் சுற்றி, சாலையோரமாகத்தான் போகும். அந்த வழி முழுக்க வெட்டிய மரம். மிச்சம் ஊர்த் தெருதான். அதில் போக எங்களுக்கு உத்தரவு கிடையாது.

கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்வோம். 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்று அதில் வரும். எங்களுக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்ததைச் சொன்னோம். 'சரீர உத்தரவை விசுவசிக்கிறேன்.' எங்கள் சரீரமும் ஊர்த் தெருவில் போக ஆண்டவர் ஒருநாள் உத்தரவு தருவார். அப்படித்தான் நான் அர்த்தம் வைத்திருந்தேன்.

என் சேலையில் அவரைக் கிடத்தினோம். நாலு பேர் தூக்கினார்கள். ஊர்த் தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆண்கள் போலீசுக்குப் பயந்து கல்வராயன் மலைக்கு ஓடியிருந்தார்கள். யாரும் மறிக்கவில்லை. பிரமாணத்தை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

குழியில் இறக்கும்போது, ஜெபம் சொல்ல வந்த உபதேசியாரைக் கேட்டேன்.

"கை இல்லாம எப்டிங்க எழுந்திருப்பாரு?"

அவர் குழிக்குள் குனிந்து பார்த்தார்.

"ஆண்டவரே ஆணி அடிச்ச ஓட்டையோடதாம்மா எழுந்தாரு. காயத்த மறச்சிக்கினு வரல."

எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் மண்ணைப் போட முடிந்தது.

அது உத்தரவு இல்லை, உத்தானம், உயிர்த்தெழுதல் என்று பிற்பாடு அவர்தான் திருத்தினார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. கோயிலில் இப்போதும் உத்தரவு என்றுதான் சொல்கிறேன்.

போனவை இவை. வீடு பத்தொன்பது. கோயில் கூரை. ஆடு ஏழு. எங்கள் கலியாணப் படம். ஆள் ஒன்று, அந்தோணி, முப்பத்திரண்டு வயது. வலது கை ஒன்று. அது இந்த மண்ணில்தான் எங்கோ இருக்கிறது. எழுந்ததும் அதைத் தேடி இங்கேதான் வருவார். மகன் டவுனுக்குக் கூப்பிடுகிறான். நான் போகவில்லை.